எங்கள் அக்காவின் மூளையை அளந்தது யார்?

எங்களை மக்கு என்றார்கள். வாயால் சொன்னவர்கள் சிலர். காகிதத்தில் எழுதி முத்திரை குத்தியவர்கள் பலர். தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, மரம் சீவுகிறவன் மகன் மரம்தான் சீவுவான், பிறவியிலேயே அவ்வளவுதான் என்று தலைமுறை தலைமுறையாக எங்கள் காதில் ஓதினார்கள். ஓதி ஓதி எங்கள் அப்பா அம்மாவே அதை நம்பிவிட்டார்கள். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ஊரார் இழிவாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளலாம். பெற்றவளே மகளைப் பார்த்து, "உனக்கு எழுதி வச்சது இவ்வளவுதான்டி" என்று சொல்லும்படி ஆக்கினார்களே, அதை எந்த நெஞ்சு பொறுக்கும்?

நெகிரி செம்பிலானில், பகாவ் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள் நாங்கள். அக்கா 1949-இல் பிறந்தார், நான் 1953-இல். ஒரே தாய் வயிறு, ஒரே லயத்து வீடு, ஒரே மண்ணெண்ணெய் விளக்கு. அம்மாவும் அப்பாவும் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, எனக்குச் சோறு போட்டு, அதன்பிறகுதான் அக்கா பள்ளிக்கு ஓடுவார். பள்ளி என்றால் ஒரு கூடம். ஆறு வகுப்பும் அதற்குள்ளேதான். பள்ளி விட்டதும் நேரே வெளிக்காட்டுக்குப் போய் அம்மாவோடு கோட்டுப்பால் உரிப்பார், மங்கு துடைப்பார்.

அப்படி இருந்தும் அக்காவைப் போலக் கணக்குப் போட அந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை. ஸ்டோரில் பாலை நிறுத்து, பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுக் கிராணி சதவீதத்தைச் சொன்ன மறுநொடி, உலர்ந்த ரப்பர் எத்தனை ராத்தல் என்று அக்கா அம்மாவின் காதில் சொல்லிவிடுவார். கிராணியின் பென்சில் அதற்குப் பிறகுதான் அந்த எண்ணுக்கு வந்து சேரும். சுற்றியிருந்த பெண்கள் தங்கள் வாளிக் கணக்கையும் அக்காவிடம் கேட்டுச் சரிபார்ப்பார்கள்.

1961-இல் அக்கா ஆறாம் வகுப்பு. மலாயா இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு எழுதினார். அந்தத் தேர்வு 1957-இல் வந்தது. நாடு முழுவதும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்து, யார் மேலே படிக்கலாம், யார் படிக்கக் கூடாது என்று பிரித்தது. ஏறத்தாழ பத்தில் மூவருக்குத்தான் இடைநிலைப் பள்ளியில் இடம். மற்ற ஏழு பேர் தோற்றவர்கள். இடம் இத்தனைதான் என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. பிள்ளைகளைத் தோற்கடிப்பது அதற்குப் பிறகு நடந்த வேலை. கட்டாத பள்ளிக்கும் போடாத ஆசிரியருக்கும் பொறுப்பேற்க யாருக்கும் மனம் வரவில்லை. பழியைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மண்டைக்குள் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

அக்காவுக்கு இடம் கிடைக்கவில்லை. "பொம்பளைப் பிள்ளை, மூளையும் அவ்வளவுதான், மரத்துக்கு அனுப்புங்க" என்று பெரியவர் ஒருவர் அப்பாவிடம் சொன்னார். அடுத்த மாதமே அக்கா உளியைப் பிடித்தார்.

1964-இல் அரசு அந்தத் தேர்வை நீக்கியது. 1965 முதல் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் தேர்வுத் தடை இல்லாமல் இடைநிலைப் பள்ளிக்குப் போகலாம் என்றானது. 1965-இல் நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். மறுவருடம் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன், படித்தேன், ஆசிரியரானேன். கணக்கில் அக்காவின் கால்தூசிக்கு நான் வரமாட்டேன். இது அடக்கத்துக்குச் சொல்லும் சொல் இல்லை, எங்கள் லயத்துக்கே தெரிந்த உண்மை. நான் கரையேறினேன், அவர் முப்பது வருடத்துக்கு மேல் மரம் சீவினார். எங்கள் இருவருக்கும் இரத்தத்தில் என்ன வித்தியாசம்? சட்டம் மாறுவதற்கு முன்னால் அவர் ஆறாம் வகுப்பை முடித்தார், மாறிய பின்னால் நான் முடித்தேன். இதைத் தவிர வேறு என்ன?

பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை முடித்துவிடலாம் என்ற துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று நான் தேடிப் படித்தேன். எந்தப் பக்கம் புரட்டினாலும் லண்டன் பேராசிரியர் ஒருவரின் பெயரில் வந்து நின்றது. சர் சிரில் பர்ட்.

1883-இல் பிறந்தவர். அப்பா மருத்துவர். மேதைமை பரம்பரையில் வருவது என்று வாதிட்ட பிரான்சிஸ் கால்டனின் குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்தவர். சிறுவயதிலேயே பர்ட் கால்டனைச் சந்தித்தார், அந்தக் கருத்திலேயே ஊறினார். ஆக்ஸ்போர்டில் பள்ளிச் சிறுவர்கள் 43 பேருக்குச் சோதனை வைத்து, 1909-இல் முடிவை வெளியிட்டார். 30 பேர் சாதாரணப் பள்ளியில் படித்தவர்கள். 13 பேர் பேராசிரியர்கள், பிஷப்புகள் போன்றோர் வீட்டுப் பிள்ளைகள். பின்னவர்கள் நன்றாகச் செய்தார்கள். அந்த மேன்மை பிறவியிலேயே வந்தது என்று முடிவு கட்டினார். பதின்மூன்று பிள்ளைகள்! எங்கள் லயத்து ஒரு வரிசையில் அதைவிட அதிகம் பிள்ளைகள் இருந்தோம்.

அவர் செய்த நல்லதை மறைக்க எனக்கு மனமில்லை. 1913-இல் லண்டன் மாநகர மன்றம் அவரை உளவியலாளராக நியமித்தது. பிரிட்டனில் அப்படி ஒரு பதவியில் அமர்ந்த முதல் மனிதர் அவர்தான். சேரிப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். வழிதவறிய சிறுவர்களைப் பற்றி 1925-இலும், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைப் பற்றி 1937-இலும் பெரிய நூல்கள் எழுதினார். அந்தப் பிள்ளைகளுக்குத் தனி உதவி வேண்டும் என்று கேட்டார். ஆனால் அறிவின் அளவு பிறப்போடு வருவது, அதை மாற்ற முடியாது என்ற நம்பிக்கையை விட்டு அவர் இம்மியும் அசையவில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியராக இருந்துகொண்டு அரசாங்கக் கல்விக் குழுக்களுக்கு ஆலோசனை சொன்னார். ஒரு பிள்ளையின் அறிவு எதுவரை வளரும் என்பதைச் சிறுவயதிலேயே கணித்துவிடலாம் என்று 1938-இல் ஸ்பென்ஸ் குழு எழுதியது. 1944-இல் இங்கிலாந்தில் புதிய கல்விச் சட்டம். பதினொரு வயதில் தேர்வு வைத்துப் பிரிப்பது நாடெங்கும் நடைமுறையானது. 1946-இல் பர்ட்டுக்கு சர் பட்டம்.

பர்ட் எங்கள் தோட்டத்துக்கு வந்தவர் இல்லை. ஆனால் எங்களை ஆண்டவர்கள் அந்தக் காற்றைச் சுவாசித்து வந்தவர்கள். இங்கிலாந்தில் பதினொரு வயதில் செய்ததை மலாயாவில் பன்னிரண்டு வயதில் செய்தார்கள். பிரிட்டிஷ் கொடி இறங்கிய பிறகும் அந்த எண்ணம் இறங்கவில்லை.

அறிவு பிறப்போடு வருவது என்ற அந்த நம்பிக்கைக்குப் பர்ட் காட்டிய பெரிய சான்று இரட்டையர்கள். பிறந்ததும் பிரிக்கப்பட்டு, வேறு வேறு வீடுகளில் வளர்ந்த ஒரே கரு இரட்டையர்கள். வளர்ப்பு வேறாக இருந்தும் அறிவு ஒன்றாக இருந்தால், அறிவு பிறவியில் வந்தது என்று ஆகிவிடும் அல்லவா? 1955-இல் 21 ஜோடிகளை ஆராய்ந்ததாக எழுதினார். 1958-இல் முப்பதுக்கு மேல். 1966-இல் 53 ஜோடிகள். ஜோடிகளின் ஒற்றுமையைக் காட்ட ஓர் எண் உண்டு, அது 1 என்றால் முழு ஒற்றுமை. பர்ட்டின் குழுச் சோதனை முடிவு 21 ஜோடிக்கு 0.771. முப்பதுக்கு மேற்பட்ட ஜோடிக்கும் 0.771. 53 ஜோடிக்கும் அதே 0.771.

புதிது புதிதாக ஆட்களைச் சேர்த்தும் மூன்றாம் தசமம்கூட அசையாமல் நிற்குமா? ஒரே தோட்டத்தில், ஒரே நிரையில், இரண்டு நாள் ஒரே அளவு பால் வந்ததில்லை. இதை எங்கள் அக்காவிடம் காட்டியிருந்தால் அந்த ஸ்டோர் வாசலிலேயே சொல்லியிருப்பார், கணக்கில் ஏதோ இருக்கிறது என்று. பெரிய பெரிய அறிஞர்கள் கேட்கவில்லை. அமெரிக்காவின் ஆர்தர் ஜென்சன் 1969-இல் கறுப்பினப் பிள்ளைகளின் அறிவைப் பற்றி எழுதிய கட்டுரையில் பர்ட்டின் எண்களைத் தூண்போல நிறுத்தினார். கேள்வி கேட்டவர் பிரின்ஸ்டன் பேராசிரியர் லியோன் காமின். 1974-இல் வந்த அவர் நூல் அந்த எண்களைக் கிழித்துப் போட்டது. அதே ஆண்டு ஜென்சனே அவை எதையும் நிறுவ உதவாதவை என்று ஒப்புக்கொண்டார்.

பர்ட் 1971-இல் இறந்துவிட்டார். அவர் இறந்த சில நாளில் பெட்டி பெட்டியாகக் காகிதங்கள் எரிக்கப்பட்டன. 1976 அக்டோபரில் சண்டே டைம்ஸ் இதழில் ஆலிவர் கில்லி எழுதினார்: பர்ட்டின் ஆய்வுகளில் உடன் உழைத்ததாகப் பெயர் வந்த மார்கரெட் ஹோவர்ட், ஜேன் கான்வே என்ற இரு பெண்களையும் தேடினால் கிடைக்கவில்லை. பர்ட்டின் தங்கையே கேட்டுக்கொண்டதால் அவர் வாழ்க்கையை எழுத வந்தவர் லெஸ்லி ஹெர்ன்ஷா. பர்ட்டின் நினைவுக் கூட்டத்தில் புகழுரை ஆற்றியவர். நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் படித்துவிட்டு 1979-இல் அவரே முடிவு சொன்னார்: பிற்கால இரட்டையர் தரவு புனையப்பட்டது. 1989-இலும் 1991-இலும் இரண்டு அறிஞர்கள் பர்ட்டுக்காக வாதாடி நூல் எழுதினார்கள். அலட்சியமா, மோசடியா என்று இன்றும் வாதம் நடக்கிறது. நடக்கட்டும். எதுவாக இருந்தாலும் அந்த எண்களை நம்ப முடியாது என்பதில் வாதம் இல்லை.

பர்ட்டுக்கு வாதாட ஆள் இருந்தது. தேட நிருபர் இருந்தார். எழுதப் பதிப்பாளர் இருந்தார். ஒரு பேராசிரியரின் பெயர் கெட்டதா இல்லையா என்று இரண்டு கண்டங்களில் புத்தகங்கள் வந்தன. உளியோடு காட்டுக்குப் போன எங்கள் பிள்ளைகளின் பெயரை யார் எழுதினார்கள்? எந்த விசாரணைக் குழு எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றது?

நாங்கள் எப்படி அளக்கப்பட்டோம் என்பதைச் சொல்கிறேன். மழைத்தண்ணீர் கலந்த வாளியில் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, மரமே சத்துக்கெட்ட மரம் என்று புத்தகத்தில் எழுதினார்கள். எங்கள் பிள்ளைகளின் வாளிக்குள் என்னவெல்லாம் கலந்திருந்தது தெரியுமா? மலேரியா இருந்தது. வெறுங்காலில் ஏறிய கொக்கிப்புழுவும் அதனால் வந்த சோகையும் இருந்தன. ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஒரு கொட்டகையைப் போட்டார்கள். பல தோட்டங்களில் கங்காணியோ எழுத்தரோ ஓய்ந்த நேரத்தில் வந்து அ, ஆ சொல்லிக்கொடுத்தார். சட்டத்துக்கு அது போதுமாக இருந்தது. தோட்டத்துக்கும் போதும். பிள்ளைகள் அதிகம் படித்துவிட்டால் மரத்துக்கு யார் வருவார்?

மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தி. மாரிமுத்து இதைத்தான் ஆராய்ந்து எழுதினார். தோட்டப் பள்ளி கூலியின் பிள்ளையைக் கூலியாகவே திரும்ப உருவாக்கும் கருவியாக இருந்தது என்பது அவர் 1993-இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம். பிள்ளையின் மண்டையைப் பார்க்காமல் பள்ளியைப் பார்த்தார் ஒரு தமிழர். அவர் பெயரை நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அறிவு எங்களிடம் இல்லை என்றார்களே, இதே நெகிரி செம்பிலானில் நடந்ததைக் கேளுங்கள். பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்த காலம். சிரம்பானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அந்த நோய் பெரும்பாலும் தொடவில்லை. 1907-இல் அதைப் புத்தகமாக எழுதினார். பிறகு பிரேசர், ஸ்டான்டன் என்ற இரு மருத்துவர்கள் இதே மாநிலத்துக் காட்டில் வேலைசெய்த ஜாவானியத் தொழிலாளர்கள் 300 பேரைப் பிரித்து, அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்து உறுதிப்படுத்தினார்கள். நெல்லை உமியோடு அவிக்கும்போது உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்று பின்னால் விஞ்ஞானம் சொன்னது. நெல் அவித்துக் காயவைத்த எங்கள் பாட்டிகளின் கையில் இருந்தது அது. எந்தச் சோதனைத் தாளில் அதற்கு மதிப்பெண் கொடுத்தார்கள்?

மரம் சீவுவதை மூளையில்லாத வேலை என்கிறார்களே, ஒரு நாள் உளியைப் பிடித்துப் பார்க்கட்டும். இடமிருந்து வலமாக முப்பது பாகைச் சரிவு. பால் குழாய்கள் ஆழத்தில்தான் நெருக்கமாக இருக்கும், அதனால் ஆழமாக வெட்ட வேண்டும். ஆனால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத வளர்படலம் இருக்கிறது. அதற்குமேல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட வேண்டும். படலத்தைத் தொட்டுவிட்டால் மரத்தில் முடிச்சு விழும், மறுபட்டை ஒழுங்காக வளராது. இப்படி நானூறு, ஐநூறு மரம், வெயில் ஏறுவதற்குள், தலைவிளக்கு வெளிச்சத்தில். எங்கள் அக்கா முப்பது வருடம் காயம் படாமல் வெட்டினார். கணக்கும், கைத்திறனும், வானத்தைப் பார்த்து மழையைக் கணிக்கும் கண்ணும் ஒரே உடம்பில் இருந்தன. அதற்குப் பெயர் கூலி என்று வைத்தார்கள்.

பிறவி எண் மாறாது என்றவர்களுக்கு விஞ்ஞானமே பதில் சொல்லிவிட்டது. ஜேம்ஸ் பிளின் என்ற நியூசிலாந்துப் பேராசிரியர் 1987-இல் பதினான்கு நாடுகளின் சோதனைகளை எடுத்துக்காட்டினார். நெதர்லாந்தில் ராணுவத்துக்கு வந்த பதினெட்டு வயது இளைஞர்களின் மதிப்பெண் 1952-க்கும் 1982-க்கும் நடுவே சுமார் 20 புள்ளி ஏறியிருந்தது. முப்பது வருடத்தில் ஒரு நாட்டின் இரத்தமா மாறும்? சோறும், பள்ளியும், வாழ்க்கையும் மாறின. மதிப்பெண் ஏறியது.

இவ்வளவுக்குப் பிறகும் விட்டார்களா? 2002-இல் ரிச்சர்ட் லின், டாட்டு வன்ஹானென் என்ற இரண்டு பேராசிரியர்கள் நாடுகளுக்கே அறிவெண் போட்டுப் புத்தகம் வெளியிட்டார்கள். இந்தியாவுக்கு 81. தரவு மோசம் என்று பல அறிஞர்கள் எடுத்துச் சொன்னார்கள். 2018-இல் லின்னின் கௌரவப் பேராசிரியர் பட்டத்தை அவருடைய பல்கலைக்கழகம் திரும்பப் பெற்றது. ஆனாலும் அந்த 81 இன்றைக்கும் ஊர் சுற்றுகிறது. எங்கள் பேரப்பிள்ளைகளின் கைப்பேசிக்கு அது வந்து சேர்கிறது.

நான் ஆசிரியராக இருந்த காலம் முழுக்க அந்தத் தீர்ப்பின் வாலைப் பார்த்தேன். இடைநிலைப் பள்ளியில் கடைசி வகுப்பு என்றால் அதில் தோட்டத்திலிருந்து பேருந்தில் வந்த தமிழ்ப் பையன்கள் குவிந்திருப்பார்கள். ஆசிரியர் அறையில் "அதுங்களுக்கு ஏறாது சார்" என்ற பேச்சு. சொன்னவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்ல எனக்கு நா கூசுகிறது. ஏறாது என்று சொல்லப்பட்ட பையன் மூன்றாம் ஆண்டோடு நின்றான். நின்றவனை ஊர் ரவுடி என்றது. செனவாங், நீலாய், செண்டாயான் பக்கத்துத் தோட்டங்கள் தொழிற்பேட்டையாகவும் வீடமைப்பாகவும் மாறியபோது, அந்த வீட்டை வாங்கும் படிப்பும் அவனிடம் இல்லை, சீவ மரமும் இல்லை.

பர்ட்டின் கதையை முழுதாகப் படித்து முடித்த பிறகு அக்காவிடம் போய்ச் சொன்னேன். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு என்ன கேட்டார் தெரியுமா? "அப்போ நான் மக்கு இல்லையாடா தம்பி?"

ஐயோ! எழுபது வயதில் ஒருவர் கேட்கிற கேள்வியா இது? ஐந்து பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, படிக்கவைத்து, ஒரு தோட்டத்தின் கணக்கையே தலையில் சுமந்தவர், ஒரு காகிதம் பன்னிரண்டு வயதில் சொன்னதை அறுபது வருடமாக உள்ளே வைத்துப் புழுங்கியிருக்கிறார். அந்தப் புழுக்கத்துக்கு என்ன நட்ட ஈடு? யார் தருவார்?

நாங்கள் பிச்சை கேட்கவில்லை. தோட்டத்தில் இருந்த பள்ளிகளில் பல இன்றும் நிலம் தனியாருடையது என்ற காரணத்தால் பகுதி உதவிதான் பெறுகின்றன. முழு உதவி கொடுங்கள். பன்னிரண்டு வயதில் வெளியே தள்ளப்பட்ட அந்தப் பிள்ளைகளின் கதையை நாட்டின் கல்வி வரலாற்றில் எழுதுங்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் அறிவுச் சோதனையைப் பற்றிப் பாடம் நடத்தும் அன்றே, சிரில் பர்ட்டின் எண்கள் என்ன ஆயின என்பதையும் நடத்துங்கள். ஒரு பிள்ளையைப் பார்த்து ஏறாது என்று சொல்ல வாய் திறக்கும் ஆசிரியர், எதை வைத்துச் சொல்கிறோம் என்று ஒருமுறை அஞ்சட்டும்.

நம் மக்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்தவன் எழுதிய தீர்ப்பை நம் வாயால் நம் பிள்ளைக்கு வாசித்துக் காட்டியது போதும். தலையெழுத்து என்று சொல்லிச் சொல்லி, தேர்வுத் தாளின் கையெழுத்தையே கடவுளின் எழுத்தாக்கிவிட்டோம். அந்தத் தீர்ப்பு பொய். அதைத் தாங்கி நின்ற சான்று நம்ப முடியாதது. அதை எழுதியவர்கள் எங்களை ஒருநாளும் பார்த்ததில்லை. எங்கள் அக்கா மக்கு இல்லை. அவரோடு உளியைப் பிடித்த எந்தப் பிள்ளையும் மக்கு இல்லை. அவர்களுக்கு ஒரு பள்ளி கொடுக்காமல் விட்டதை இந்த நாடு தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஒப்புக்கொள்ள வேண்டும்.